விட்டா மரம், விடாட்டா இடுப்பளவு

என் ஆச்சி போட்ட விடுகதைகளில் இன்றும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இது: "விட்டா மரம், விடாட்டா இடுப்பளவு. அது என்ன?" சமவெளியில் பிறந்தவர்கள் இதற்குத் திணறுவார்கள். தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்கிற பிள்ளை அதிகம் யோசிக்காமல் சொல்லிவிடும், தேயிலைச் செடி என்று. கத்தி படாமல் விட்டால் அது கூரையைத் தாண்டி வளர்கிற மரம். சில வருடங்களுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, இடையில் ஓயாமல் கொழுந்து கிள்ளி, பெண்களின் கை எட்டுகிற உயரத்தில் அதை நிறுத்தி வைத்திருக்கிறோம். தோட்டத் தொழில் முழுவதையும் நாலே சொல்லில் அடக்கிய ஆச்சிக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது.

தமிழ்வழிப் பள்ளிகளில் எஸ்டேட் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது எங்கு போனாலும் முதுமையில் வரும் மறதி பற்றிய பேச்சு காதில் விழுகிறது. சொற்புதிர் போடுங்கள், மூளைக்கு நல்ல பயிற்சி என்கிறார்கள். பிள்ளைகளுக்கும் அதையே பரிந்துரைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இந்த மலையில் அந்தப் பயிற்சி பல தலைமுறைகளாக நடந்துவந்தது. அதை யார் கொண்டுவந்தார்கள், எப்படி நடத்தினார்கள், எதனால் அது மெலிந்தது என்று தெரிந்துகொள்ளாமல் மறுபடி தொடங்கினால் பாதிப் பலன்தான் கிடைக்கும். சொற்புதிர் இங்கே ஒருத்தர் தனியாக உட்கார்ந்து செய்கிற காரியமாக இருந்ததில்லை. வயதானவர் கேட்பார், சின்னவர் சொல்வார். அந்த இரண்டு பேரும் எதிரெதிரே இருந்ததுதான் பயிற்சியின் உயிர். நான் சொல்ல வருவதும் அதைத்தான்.

மூட்டையோடு ஏறி வந்தவை

1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து எங்கள் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். அப்போது கீழே தமிழ்நாட்டில் தாது வருடப் பஞ்சம் தலைவிரித்தாடிக்கொண்டிருந்தது. மலையில் முதலில் காப்பியும் சிங்கோனாவும் போட்டுப் பார்த்தார்கள். 1880-ல் ஏ. எச். ஷார்ப் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டார். 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது. காட்டை அழிக்க, குழி வெட்ட, நட, களை பிடுங்க, கொழுந்து எடுக்க ஆள் வேண்டியிருந்தது. ஆள் சேர்க்கும் கங்காணிகள் முன்பணத்தோடு மதுரைச் சீமைக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் இறங்கினார்கள். கடனும் பசியும் துரத்திய குடும்பங்கள் போடிநாயக்கனூர் வரை வந்து, அங்கிருந்து குரங்கணி வழியாகக் கால்நடையாக மலையேறின. என் ஆச்சியின் பெற்றோர் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

அந்த மூட்டைகளில் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு சட்டி, ஒரு கம்பளி, கொஞ்சம் தானியம். ஆனால் வந்தவர்களின் வாயில் கதையும் பழமொழியும் தாலாட்டும் ஒப்பாரியும் விடுகதையும் இருந்தன. எடையில்லாத சொத்து அது. கங்காணி கணக்கில் வராத சொத்தும் அதுதான்.

அந்தச் சொத்து எவ்வளவு பழையது என்பதைப் பின்னால் கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். தொல்காப்பியம் செய்யுளியலில் விடுகதைக்கு இடம் கொடுத்து, அதற்குப் 'பிசி' என்று பெயர் வைத்திருக்கிறது. அதில் இரண்டு வகை சொல்கிறது. ஒன்றை இன்னொன்றுக்கு ஒப்பிட்டுக் கேட்பது ஒரு வகை. கேட்கும் பொருளின் குணத்தையும் செயலையும் சொல்லி, பெயரை மட்டும் மறைப்பது இன்னொரு வகை. முதல் வகைக்குப் பழைய உரைகாரர்கள் காட்டும் உதாரணத்தில், பிறைநிலாவைக் கவ்விக்கொண்டு ஒரு மலை நடந்து போகும். விடை யானை. மூணாறு பஜாருக்கே காட்டு யானை வந்து போகிற எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையும் தோற்றதில்லை.

ஆச்சிக்குத் தொல்காப்பியம் என்ற பெயரே தெரியாது. ஆனால் இரண்டு வகையும் கைவசம் இருந்தன. "மலை மேல பச்சைக் கம்பளி, பிச்சுப் பிச்சு எடுத்தாலும் கிழியலை" என்பாள். தேயிலைத் தோட்டத்தைக் கம்பளிக்கு ஒப்பிட்டுக் கேட்டது அது. "கேக்காமக் குடிப்பான், குடிச்சதும் விழுவான்" என்பாள். மழைக்காலத்தில் எங்கள் கால்களை விடாத அட்டையின் குணத்தைச் சொல்லிக் கேட்டது அது. ஊரில் கேட்ட விடுகதையின் அச்சை வைத்துக்கொண்டு, இந்த மலையின் பொருளை அதில் வார்த்தார்கள். கரிசல் காட்டுப் பருத்தியும் பனையும் இருந்த இடத்தில் கொழுந்தும் அட்டையும் பனிமூட்டமும் வந்து உட்கார்ந்தன.

டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகளை இறக்கிய கம்பிவழியும் இப்படித்தான் விடுகதையானது. "கம்பியில நடப்பான், கால் தரையில படாது, போடிக்குப் போறதுக்குள்ள பத்து மலை பாப்பான்." கம்பிவழி போய் எத்தனையோ காலமாகிவிட்டது. நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருந்தது என்று எனக்கு முதலில் சொன்னது இந்த விடுகதைதான். எழுத்தில்லாதவர்கள் தங்கள் வரலாற்றை இப்படியும் பத்திரப்படுத்தினார்கள்.

லயத்து இரவுகள்

தேவிகுளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் பிறந்தால் தென்மேற்கு மழை நாள்கணக்கில் நிற்காது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் எங்கள் பக்கத்துப் பள்ளிவாசலில்தான் 1940-ல் ஓடத் தொடங்கியது. ஆனால் என் சிறு வயதில் எங்கள் லயத்துக்கு மின்சாரம் வரவில்லை. ஐந்தரை மணிக்கு வேலை விட்டு வந்து, அடுப்பு மூட்டி, கஞ்சி குடித்தால் இருட்டிவிடும். மண்ணெண்ணெய் விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிட வேண்டும். எண்ணெய் காசு. ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்திருக்கும். வெளியே தகரத்தில் மழை. தூக்கம் வரும்வரை என்ன செய்வது?

விடுகதைக்கு வெளிச்சம் வேண்டாம், தாள் வேண்டாம், எழுத்து வேண்டாம், கை வேலையை நிறுத்தவும் வேண்டாம். ஆச்சி அடுப்படியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே தொடங்குவாள்.

"ஏட்டி, சொல்லு பாப்போம். ஊரையே மூடுவான், ஒரு முழம் துணி கிடையாது."

"வானம்."

"வானம் எப்பவும்தான மூடிக் கிடக்கு. இவன் வருவான், போவான்."

"ராத்திரி."

"ராத்திரி வந்தா கறுப்பால்ல இருக்கும்? இவன் வெள்ளை."

"மூடுபனி!"

அவள் என் தப்பான விடையைத் தள்ளிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வானம் ஏன் பொருந்தாது என்று ஒரு காரணம் சொன்னாள். ராத்திரி ஏன் பொருந்தாது என்று இன்னொரு காரணம் சொன்னாள். ஒவ்வொரு காரணமும் எனக்கு அடுத்த துப்பு. நான் என் முதல் விடையை விட்டுக்கொடுக்க வேண்டும், புதிய துப்பைப் பழைய கேள்வியோடு சேர்க்க வேண்டும், இரண்டுக்கும் பொருந்துகிற ஒன்றைத் தேட வேண்டும். அறுபது நொடிக்குள் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு வேலை. ஆச்சிக்கும் வேலை உண்டு. நூற்றுக்கணக்கான விடுகதைகளில் எனக்குச் சொல்லாத ஒன்றை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். என் வயதுக்குத் தக்கபடி துப்பை அளந்து கொடுக்க வேண்டும். நான் சொல்லப்போகும் தப்பான விடைகளுக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும். பயிற்சி இருவருக்குமானது.

தோற்றால் அன்றைய வெற்றிலையை நான் இடித்துத் தர வேண்டும். விடை அன்று கிடைக்காது. மறுநாள் ராத்திரிதான். அதனால் மறுநாள் முழுவதும் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வரும். சிநேகிதியிடம் கேட்பேன், அவள் தன் பாட்டியிடம் கேட்பாள். ஒரு வீட்டு விடுகதை ஒரே நாளில் லயம் முழுவதும் சுற்றிவிட்டுத் திரும்பும். பக்கத்து அறைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான். சில ராத்திரிகளில் நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பா விடையைச் சொல்லிவிடுவார். ஆச்சிக்கு வரும் கோபம் எனக்கு இன்றும் சந்தோஷம் தருகிறது.

எழுத்து வந்த பிறகு

1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. குழந்தைகள் காப்பகமும், பிள்ளைகளுக்குப் படிப்பும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பென்று சட்டத்தில் இடம்பெற்றன. 1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, பெரும் போராட்டங்களுக்குப் பிறகும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தமிழ்வழிப் பள்ளிகள் தொடர்ந்தன. என் தலைமுறைப் பிள்ளைகள் பலரும் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கூட்டியவர்கள்.

எழுத்து வந்ததும் புதிர் இன்னொரு வடிவம் எடுத்தது. ஆச்சியின் விடுகதை பொருளைப் பற்றியது. நான் வகுப்பறையில் கற்ற புதிர் எழுத்தைப் பற்றியது. தமிழில் இதற்கும் நீண்ட வரலாறு இருக்கிறது. தண்டியலங்காரம் சொல்லணியைப் பேசும்போது, ஒரு சொல்லில் ஒவ்வோர் எழுத்தாகக் குறைத்துப் புதுச் சொல் காணும் அக்கரச்சுதகத்தையும், ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் புதுச் சொல் காணும் எழுத்து வருத்தனத்தையும், ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைக்கும் கரந்துறைப்பாட்டையும் சொல்கிறது. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டில் காளமேகப் புலவர் ஒரே வெண்பாவில் பாம்பையும் எள்ளையும் சேர்த்துப் பாடிச் சிலேடைக்குப் பேர் வாங்கினார்.

இவை பண்டிதர் விளையாட்டு என்று ஒதுக்கப்பட்டவை. ஆறாம் வகுப்பில் நான் இவற்றை எங்கள் ஊர்ச் சொற்களை வைத்து விளையாட வைத்தேன். நாலெழுத்து, செடியின் தலையை வாங்கும், முதலெழுத்தை எடுத்தால் குளத்தில் நீந்தும். கவாத்து, வாத்து. மூன்றெழுத்து, பத்துக் குடும்பம் வரிசையாகக் குடியிருக்கும், முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தால் சாமி குடியிருக்கும். லயம், ஆலயம். ஐந்தெழுத்து, மறையூர்க் காட்டில் காவலோடு வளரும், முதல் இரண்டெழுத்தை எடுத்தால் செல்வம், நாலாம் எழுத்தை மட்டும் எடுத்தால் பாட்டில் இருக்கும். சந்தனம், தனம், சந்தம். மூணும் ஆறும் சேர்ந்தாலும் ஒன்பதாகாது, ஊராகும். அது மூணாறு. முதிரப்புழையும் நல்லதண்ணியும் குண்டலையும் கூடுகிற இடம். போடியில் இது ஏலத்துக்குப் போகும், இதன் பேரும் அதுவே. ஏலக்காயின் ஏலம்.

ஒரு புதிருக்கு மட்டும் வகுப்பு அமைதியாகிவிட்டது. நாலெழுத்து; நம்மை இங்கே கூட்டிக்கொண்டு வந்தவர்; முதல் இரண்டெழுத்தை எடுத்தால் நிலம். கங்காணி, காணி. விடையைச் சொன்ன பையன், "டீச்சர், நமக்குக் காணி இருக்கா?" என்று கேட்டான். அன்றைக்குப் பாடம் வேறு பக்கம் போனது. முன்பணம் என்றால் என்ன, கங்காணிக்கு எதில் கூலி, ஒருவர் ஏன் திரும்பிப் போக முடியாமல் போனது, கண்ணன் தேவன் மலைகளின் நிலத்தை அரசு மீட்டெடுக்க 1971-ல் போட்ட சட்டம் என்ன என்றெல்லாம் பேசினோம். நாலெழுத்துப் புதிர் ஒன்று ஒரு தாலுகாவின் வரலாற்றைத் திறந்துவிட்டது. எழுத்துப் புதிர் வெறும் பொழுதுபோக்கு என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தப் பையனின் கேள்விதான் நினைவுக்கு வரும்.

கட்டத்துக்குள் வந்த சொற்கள்

1913 டிசம்பர் 21-ல் 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில், லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் வைர வடிவில் ஒரு கட்டப் புதிர் வெளியிட்டார். உலகத்துக் குறுக்கெழுத்துகளுக்கு அதுவே தொடக்கம். தமிழில் அதைப் பரப்பியவை வாரப் பத்திரிகைகள். 1928-ல் 'ஆனந்த விகட'னை வாங்கிய எஸ்.எஸ். வாசன், 1930களில் பரிசுகளோடு குறுக்கெழுத்துப் போட்டி நடத்தினார். பத்திரிகை விற்பனைக்கு அது பெரிய ஊக்கம். நாடு முழுவதும் பரிசுப் போட்டிகள் பெருகி, நுழைவுக் கட்டணம் கட்டி அதிர்ஷ்டத்தைப் பார்க்கிற அளவுக்குப் போனபோது, 1955-ல் பரிசுப் போட்டிச் சட்டம் வந்தது. மாதத்துக்கு மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அது வரம்பு கட்டியது. 1957-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. பெரிய பணம் போன பிறகும் கட்டங்கள் போகவில்லை. சொல்லுக்காகவே அதை நிரப்புகிறவர்கள் மிஞ்சினார்கள்.

எங்கள் லயத்துக்கு அந்தக் கட்டம் பழைய இதழாகத்தான் வந்தது. போடியிலிருந்து மூணாறுக்கு பஸ்ஸில் ஏறி, பஜாரில் யாரோ வாங்கி, ஃபேக்டரியில் வேலை பார்த்த என் அப்பாவின் கைக்கு வருவதற்குள் அட்டை கிழிந்திருக்கும். யாரும் நிரப்பாத கட்டம் இருந்தால் எனக்கு அன்று திருவிழா.

தமிழ்க் கட்டத்தின் அழகு தனி. உயிர்மெய் எழுத்து முழுவதுமாக ஒரு கட்டத்தில் உட்காரும், புள்ளி வைத்த மெய் தனிக் கட்டம் கேட்கும். கொழுந்து என்றால் கொ, ழு, ந், து என்று நாலு கட்டம். குறுக்கே கவாத்து என்று எழுதினால், அதன் இரண்டாம் கட்டத்திலிருந்து கீழே வாழை இறங்கலாம், வண்டி இறங்க முடியாது. மெய்யும் உயிரும் சேர்ந்தே பொருந்த வேண்டும். 247 எழுத்துள்ள மொழியில் இது கடினமான கட்டுப்பாடு. ஒரு சொல்லை அதன் ஓசைகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை இது தானாகவே கொடுத்துவிடும்.

எழுத்தறியாத ஆச்சியும் இந்தக் கட்டத்துக்குள் வந்தாள். நான் குறிப்பை வாசிப்பேன். "பழைய முகத்தலளவை, மூன்றெழுத்து." அவள் உழக்கு, ஆழாக்கு, நாழி, மரக்கால், பதக்கு என்று அடுக்குவாள். நான் விரலை மடக்கி எழுத்தை எண்ணுவேன். உழக்கு நாலு, நாழி ரெண்டு. "பதக்கும் நாலு, ஆச்சி. வேற சொல்லு." குருணி என்பாள். மூன்று பொருந்தும். படி, பக்கா போன்ற அளவைகளைத்தான் நான் கண்டிருந்தேன். குருணியைக் கண்டதில்லை. அவளுக்குக் குருணி தெரியும், அதை எப்படி எழுதுவது என்று தெரியாது. எனக்கு எழுதத் தெரியும், அப்படி ஒரு சொல் இருப்பது தெரியாது. எங்கள் இரண்டு பேரில் யார் இல்லாவிட்டாலும் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்திருக்கும்.

இரண்டு மொழிக்கு ஒரு விடை

இந்த மலையில் புதிருக்கு இன்னொரு வாசலும் உண்டு. வீட்டில் தமிழ், தாலுகா ஆபீஸில் மலையாளம். மலையாளத்தில் விடுகதைக்குக் கடங்கதை என்று பேர். விடை தெரியாதவர் 'கடம்' என்று ஒப்புக்கொள்வது அங்கே வழக்கம். ஆசிரியர் அறையில் மலையாள ஆசிரியைகளும் நாங்களும் மாறி மாறிப் போட்டுக்கொள்வோம். அப்படிப் பிறந்தவை இரண்டு மொழியிலும் கால் வைத்த புதிர்கள். "தமிழ்ல ஊர்ப் பேருக்குக் கடைசியில நிக்கும், மலையாளத்துல வாசல்ல நின்னு குரைக்கும்." பட்டி. "மலையாளத்துல தாகத்துக்குக் குடிக்கலாம், தமிழ்ல ஊரையே அடிச்சிட்டுப் போகும்." வெள்ளம். இந்த இரண்டாவதற்குப் பின்னால் எங்கள் ஊரின் காயம் இருக்கிறது. கொல்லம் ஆண்டு 1099-ல், அதாவது 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் குண்டலைப் பள்ளத்தாக்கில் ஓடிக்கொண்டிருந்த சிறு ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு அது திரும்ப வரவே இல்லை.

மருத்துவம் சொல்வது

ஆராய்ச்சிகள் எதைச் சொல்கின்றன என்பதை அளவாகவே சொல்ல வேண்டும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் ஒரு பகுதி 2011-ல் வெளிவந்தது. பின்னால் மறதிநோய் கண்டவர்களில், குறுக்கெழுத்துப் பழக்கம் உள்ளவர்களுக்கு நினைவாற்றல் வேகமாகச் சரியத் தொடங்கும் கட்டம் சுமார் இரண்டரை ஆண்டு தள்ளி வந்தது என்று அது கண்டது. 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், லேசான நினைவுக் குறைவு உள்ள 107 பேரில் ஒரு சாராருக்குக் கணினி விளையாட்டும் மறுசாராருக்குக் குறுக்கெழுத்தும் கொடுத்தார்கள். 78 வாரத்தின் முடிவில் குறுக்கெழுத்துப் போட்டவர்களின் நிலை மேலாக இருந்தது.

எங்களுக்கு இன்னும் நெருக்கமானது ஹைதராபாதில் நடந்த ஆய்வு. மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் அவரது குழுவினரும் மறதிநோய் கண்ட 648 பேரை ஆராய்ந்து 2013-ல் எழுதினார்கள். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு அந்த நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தெரிந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. என் ஆச்சியைப் போன்றவர்களை நினைத்து நான் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிள்ளைகள் பக்கத்துக்கும் சான்று உண்டு. 1983-ல் பிராட்லியும் பிரையன்டும் இங்கிலாந்தில் செய்த ஆய்வு, நாலைந்து வயதில் எதுகையையும் மோனையையும் காதால் பிரித்தறிகிற பிள்ளைகள் பின்னால் வாசிப்பில் தேறுகிறார்கள் என்று காட்டியது.

இதனால் புதிர் போட்டால் மறதி வராது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. நோய் வந்தவர்களைக் குறை சொல்வதற்கும் இது ஆயுதமாகக் கூடாது. பத்திரிகைக் கட்டத்தைத் தனியாக நிரப்பிக்கொண்டே இருந்தால் கட்டம் நிரப்புவதில் கை தேரும், அவ்வளவுதான் உறுதி. தனிமையில் கிடக்கிற முதியவருக்கு அதைவிட முக்கியமான ஒன்று வேண்டும். தன்னிடம் இருப்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

கேட்டவர் எங்கே போனார்?

விடுகதை மெலிந்ததற்குத் தொலைக்காட்சியையும் செல்போனையும் குறை சொல்வது எளிது. அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் இங்கே வேறொரு காரணமும் இருக்கிறது, அது வீட்டைப் பற்றியது. லயத்து அறை வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெற்றால், குடும்பத்தில் இன்னொருவர் தோட்டத்தில் பேர் போடாவிட்டால், அறையைக் காலி செய்ய வேண்டும். வாழ்நாள் முழுவதும் கொழுந்து எடுத்த பெண் அறுபது வயதுக்கு முன்பே மலையிறங்கி, பெற்றோர் விட்டுவந்த ஊருக்கோ, தேனி, போடிப் பக்கத்து வாடகை வீட்டுக்கோ போகிறார். பேரப்பிள்ளைகள் வேறெங்கோ படிக்கிறார்கள். கேட்கிற வாய் ஒரு ஊரில், சொல்கிற வாய் இன்னொரு ஊரில். 2015-ல் மூணாறில் தோட்டத்துப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை' என்ற பேரில் தெருவில் இறங்கியபோது போனஸோடும் கூலியோடும் இந்த வீட்டுக் கவலையும் அவர்கள் பேச்சில் இருந்தது. குடியிருக்க ஒரு சென்ட் நிலம் என்பது விடுகதையோடும் சம்பந்தப்பட்ட கோரிக்கை.

இன்று லயங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும் முன்பணத்துக்கும் பசிக்கும் நடுவில் மலையேறியவர்கள். அவர்கள் மூட்டையிலும் கதை இருக்கும். அந்தப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். மூன்று மொழியில் புதிர் பிறக்க இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

அதனால் என் யோசனை எளியது. கேரளத்து நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவாக ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாகப் பள்ளிகள் கொண்டாடுகின்றன. மழை தொடங்கிய நேரம் அது, விடுகதைக்குத் தோதான காலம். அன்று தேவிகுளம் தாலுகாவின் ஒவ்வொரு பள்ளியும் வயதானவர்களை வகுப்புக்கு அழைக்கட்டும். மேடையும் மாலையும் வேண்டாம். ஒரு பெரியவருக்கு நாலு பிள்ளைகள் என்று தரையில் உட்காரட்டும். பெரியவர் விடுகதை போடட்டும், பிள்ளைகள் எழுத்துப் புதிர் போடட்டும். எழுதத் தெரிந்த பிள்ளை கேட்டதை நோட்டில் எழுதி, யார் போட்டது, எந்த ஊரில் கேட்டது என்று குறித்து வைக்கட்டும். மலையிறங்கிப் போனவர்களிடம் செல்போனில் வாரம் ஒரு கேள்வி வாங்கட்டும். பேரனைப் பிரித்ததாக நாம் திட்டுகிற அதே செல்போன் அந்த வேலையைச் செய்யும்.

ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். விடையை அன்றே சொல்லிவிடாதீர்கள். பிள்ளை தப்பாகச் சொன்னால் ஏன் பொருந்தாது என்று காரணம் கொடுங்கள், அடுத்த துப்பைக் கொடுங்கள், ஒரு நாள் பொறுங்கள். மறுநாள் அந்தப் பிள்ளை உங்களைத் தேடி வரும். அப்படித் தேடி வருவதற்காகத்தான் இந்த விதி.